ஆறரை மணிப் பாதை

ஒக்டோபர் 6, திங்கள்
விடியத் தூறல். பிறகு வெயில். பாலம் இன்று மூடியாயிற்று. மாரிமழைக்கு இரண்டு கிழமை கூட இல்லை. பலகை பிரிக்க இப்போதுதான் நாள் கண்டிருக்கிறார்கள். வெயிற்காலம் முழுவதும் புதுப் பலகை கரையில் அடுக்கிக் கிடந்தது. ஆடுகள் ஏறிப் படுத்தன.

இனி பஸ் பாலத்தடி மட்டும். இறங்கி, வாவியைப் பாதை என்ற மிதவையில் கடந்து, அக்கரையில் வேறு பஸ் பிடித்துப் பட்டினம் போகவேண்டும். பாதை என்று கொண்டுவந்து விட்டிருப்பது இரண்டு பழைய வள்ளம், மேலே பலகை, ஒரு பக்கத்தில் கைபிடி இல்லை.

பட்டினத்து றோட்டுக் கந்தோரில் கிளாக்கர் எனக்கு நாள் முழுக்க நோட்டீஸ். ஓவசியர் இங்கிலீசில் ஒரு துண்டு தருவார். அதைத் தமிழாக்கிப் பெரிய எழுத்தில் எழுதுவது நான். கையெழுத்து அவர். முதலில் அவருடைய இங்கிலீசைத் திருத்தவேண்டும். இன்றைய துண்டில் ஒரே வசனத்துக்குள் பாலத்தை இரண்டு தரம் மூடியிருந்தார்.

நேரங்கள்:
இக்கரைக்கு பஸ் வருவது 6.15
பாதை 7
அக்கரை பஸ் புறப்படுவது 7

கடக்க இருபது நிமிடம். ஏழுக்கு விடும் பாதை ஏழுக்கு விடும் பஸ்ஸை எப்படிப் பிடிக்கும் என்று கேட்டேன்.

"கந்தோர்ப் பெரிய துரை போட்ட நேரம். நீர் எழுதும்."

எழுதினேன்.

ஒக். 7, செவ்வாய்
இரவு மழை, காலையில் சேறு. கரையில் முக்கால் மணி நேரம் நின்றோம், முப்பது பேர் அளவில். ஒதுங்க ஒரு கிடுகுக் கொட்டில், அதற்குள் கந்தோர் ஆட்களின் சீமெந்துப் பீப்பாய். மனிதர் வெளியே, பீப்பாய் உள்ளே.

அக்கரை சேரும்போது, கால்மணி பிந்திப் புறப்பட்ட பஸ்ஸின் பின்பக்கம் வளைவில் தெரிந்தது. அடுத்தது ஒன்பதுக்கு. மூன்று மைல் நடந்தேன். சப்பாத்து போயிற்று.

தயிர்க்காரி பொன்னம்மை தலையில் நாலு மண் முட்டியுடன் பின்னால் வந்தாள். "கடதாசி எழுதுறது நீங்கதானே ஐயா. எழுதக்குள்ள இதக் கொஞ்சம் யோசிக்கப்படாதா?"

இவளுக்கு நான்தான் அரசாங்கம்.

ஒக். 8, புதன்
பாதைக்காரன் பெயர் சாமித்தம்பி. தலையில் கட்டிய சிவப்பு லேஞ்சித் துணி, வாய் நிறைய வெற்றிலை. பேசினால் எதிரில் நிற்பவன் சட்டை போயிற்று. எழுத்து ஒன்றும் தெரியாது. கந்தோர் அவனிடம் ஒரு மணிக்கூட்டைக் கொடுத்திருக்கிறது, பார்க்கத் தெரியுமா என்று கேட்காமலே. நேரம் கேட்டால் சூரியனைப் பார்ப்பான். மழை நாளில் என் முகத்தைப் பார்ப்பான்.

இன்று சொல்லிக் கொடுத்தேன். பெரிய முள் நேரே மேலே நின்றால் தள்ளு. அவ்வளவுதான். பத்துத் தரம் சொன்னேன். "விளங்கிற்று ஐயா, விளங்கிற்று" என்று பத்துத் தரமும் சொன்னான். நம்பிக்கை இல்லை.

பிந்தினேன். நடை.

ஒக். 9, வியாழன்
மாட்டு வண்டிகளுக்கு மாற்றுவழி. ஓவசியரின் சொந்த யோசனை: றோட்டை விட்டு இறங்கி வயல் வட்டைக்குள்ளால் வரம்போரமாகப் போய், மேல்துறையில் தண்ணீர் குறைந்த இடத்தில் இறங்கிக் கடப்பது. அந்த இடத்தை அவர் கண்டது ஆவணியில். இப்போது இடுப்பளவு.

ஆறு வண்டி புதைந்தது. விதைப்புக்கு உழுது வைத்த வயல் வேறு நாசம். வயற்காரர் வந்து சத்தம்.

ஓவசியர் கதிரையை விட்டு எழும்பவில்லை. "வண்டிக்காரனுக்கு வண்டி விடத் தெரியாது. நான் என்ன செய்ய?"

மாற்றுவழிக்கு மாற்றுவழி நோட்டீஸ் எழுதினேன். ஐந்து தாள். நாலாவதில் மை சிந்திற்று, அப்படியே விட்டேன்.

மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன்.

ஒக். 10, வெள்ளி
நாலாம் நாளும் பிந்தல். கந்தோர் வாசலில் ஓவசியர் கையில் வரவுப் புத்தகம். என் பெயருக்கு நேரே சிவப்பு மை.

"நீரே நேரம் எழுதுறீர். நீரே பிந்துறீர். மற்றவன் என்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டானோ?"

இவர் வீடு கந்தோருக்குப் பின்னால். வாவியை இவர் கடந்து ஒரு மாதம் இருக்கும்.

ஒக். 11, சனி
அரைநாள் வேலை. நேர அட்டவணை நாலாம் தரம் மாறிற்று. பின்னேரப் பாதை கால்மணி முன்னுக்கு. காலை நேரம் முன்போலவே ஏழு. இங்கிலீசுத் துண்டு துரைக்கும் பெரிய மனிதர்களுக்கும். தமிழ் எழுதுவது சனங்களுக்கு.

தமிழில் 6.30 என்று எழுதினேன்.

எழுதிய ஏழு தாளையும் வண்டி நோட்டீசுகளுக்கு நடுவில் வைத்துக் கொடுத்தேன். ஓவசியர் மச்சான்காரனோடு கோழி வளர்ப்புப் பற்றிப் பேசிக்கொண்டே கையெழுத்து வைத்தார். ஒரு தாளையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுத்துப் பிழை என்று சொல்லியிருப்பேன். பொய்யை ஆயத்தமாக வைத்திருந்தேன், தேவைப்படவில்லை.

வழக்கம்போல ஈரத் தாளில் அழுத்தி, கையெழுத்தோடு பிரதி எடுத்துப் பிரதிப் புத்தகத்தில் ஒன்று சேர்த்தேன். பழக்க தோஷம்.

வரும் வழியில் சாமித்தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். இனிப் பெரிய முள் நேரே கீழே.

"மேல எண்டீங்க. இப்ப கீழயா?"

"கீழே."

"அப்ப சரி."

ஒக். 13, திங்கள்
6.15 பஸ். 6.30 பாதை. அக்கரை 6.50. பஸ் நின்றது. எல்லோருக்கும் இருக்க இடம். கந்தோரில் நான்தான் முதல் ஆள். காவற்காரன் இன்னும் கூட்டிக்கொண்டிருந்தான்.

இவ்வளவுதான் விசயம். இதற்கு ஒரு துரை, ஒரு ஓவசியர், நாலு அட்டவணை.

ஒக். 16, வியாழன்
நல்ல மழை. பாதை சரியாக 6.30. மணிக்கூட்டுக்குச் சாமித்தம்பி வாழை இலையால் குடை செய்து வைத்திருக்கிறான். பொன்னம்மையின் தயிர் ஏழரைக்கே விற்றுப்போகிறதாம். எனக்கு ஒரு சிறு முட்டி தந்தாள். ஏன் என்று கேட்டேன். "சும்மாதான்."

கந்தோரில் ஓவசியர் துரையிடம் சொல்வது கேட்டது: பாதை பற்றி இப்போது ஒரு முறைப்பாடும் இல்லை, எல்லாம் தான் நேரில் நின்று ஒழுங்கு செய்தது. துரை தலையாட்டினார். நான் மையூற்றிக்கொண்டிருந்தேன். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு.

ஒக். 20, திங்கள்
மழை இல்லை, புழுக்கம். வினை வந்தது.

இக்கரைப் பிறக்டர், சொந்தக் கார் வைத்திருக்கும் வக்கீல். கார் அக்கரை போகாது, ஆகவே பாதை. ஏழு மணி என்ற இங்கிலீசுத் துண்டை வாசித்துவிட்டு 6.55க்குக் கரைக்கு வந்திருக்கிறார். பாதை அக்கரையில் கிடந்தது. இவர் இக்கரையில் நின்று கை தட்டியிருக்கிறார். வழக்கு ஒன்பதுக்கு, நடக்காமல் அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்று போய்ச் சேர்ந்தது பத்தரைக்கு. நேரே துரையிடம் ஏறினார்.

முப்பது பேர் ஐந்து நாள் சேற்றில் நடந்தது ஒரு தாளிலும் ஏறவில்லை. ஒரு பிறக்டர் ஒரு நாள் நின்றார், கந்தோர் முழுவதும் ஓடுகிறது.

ஓவசியர் பின்னேரம் தானே துறைக்குப் போனார். திரும்பி வரும்போது சட்டைப் பை உப்பி இருந்தது. வரும் வழியில் பார்த்தேன், துறையடி மரத்தில் ஆணி மட்டும் நின்றது. நோட்டீஸ் இல்லை.

ஒக். 21, செவ்வாய்
சாமித்தம்பியை வேலையால் நிறுத்தியாயிற்று. காரணம்: தன் இஷ்டத்துக்கு நேரத்துக்கு முந்திப் பாதையை விட்டான். ஓவசியர் சொல்ல, அந்த நிறுத்தல் கடிதத்தை எழுதியதும் நான்.

பகல் கந்தோர் வாசலுக்கு வந்தான். வெற்றிலை இல்லாமல் இன்றுதான் கண்டேன். ஓவசியருக்கு முன்னாலேயே கேட்டான்.

"நான் படிக்காதவன் ஐயா. கீழ எண்டு வாசிச்சுச் சொன்னது நீங்கதானே. ஒரு சொல்லுச் சொல்லுங்க, அதுவே காணும்."

ஓவசியர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். தன் கையெழுத்தை அந்தத் தாளில் பார்த்தவர். நான் சொன்னால் அவரும் அகப்படுவார், சொல்லாவிட்டால் இருவரும் தப்புவோம். அதையெல்லாம் ஒரு பார்வையில் சொல்லத் தெரிந்த மனிதர். ஒரு வசனம் ஒழுங்காக எழுதத் தெரியாது.

"எனக்கு ஞாபகம் இல்லை," என்றேன்.

சாமித்தம்பி மணிக்கூட்டை வாசற்படியில் வைத்தான். ஏசவில்லை. போனான்.

ஒக். 22, புதன்
புதுப் பாதைக்காரன் ஓவசியரின் மச்சான். அதே கோழிக்காரன். கோலை எந்தப் பக்கம் ஊன்றுவதென்று தெரியாது. இறால் பிடிக்கிறவர்கள் நட்ட கம்புகளுக்குள் கொண்டுபோய்ச் செருகினான். அரைமணி நேரம் நடு வாவியில். ஏழு மணிப் பாதை, ஏழு ஐம்பதுக்கு அக்கரை.

பொன்னம்மை என்னோடு பேசவில்லை. நான் "ஞாபகம் இல்லை" என்றது எப்படியோ இக்கரை முழுவதும் தெரிந்திருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் இருந்த பிடவைத் துணி விற்கும் முஸ்லிம் காக்காவிடம், "இதுக்கு மறுகாவும் நாம இவங்களுக்கு ஐயா எண்டு சொல்றம்" என்றாள். காக்கா இருமினார்.

வீட்டில் மனைவி: "அந்தப் பாதைக்கார மனிசன் ரெண்டு தரம் வந்து போயிற்று. படலைக்கு வெளியில நிண்டுதான் கதைச்சவர். என்னத்துக்கு?"

சொன்னேன், முழுவதும். மீன் அரிந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"நாளைக்கு வந்தா நான் என்ன சொல்ல? உங்களுக்கு ஞாபகம் வந்திற்று எண்டா, இல்ல இன்னும் வரல்ல எண்டா?"

ஒக். 23, வியாழன்
காலை ஓவசியரிடம் தனியே சொன்னேன்: துரையிடம் சேர்ந்து போவோம், எழுதினது நான், வாசியாமல் கையெழுத்து வைத்தது நீங்கள், அவனைத் திரும்ப வேலைக்கு எடுக்கட்டும்.

கதவைச் சாத்தினார். "உமக்குப் பைத்தியமா? எழுத்துத் தெரியாதவன் வேறு வேலை பாப்பான். எழுத்துத் தெரிஞ்ச நீர் வேலை போனா என்ன செய்வீர்? அந்தத் தாள் ஏழும் இப்ப இல்லை. எரிச்சாச்சு. நடந்ததுக்கு ஒரு சாட்சியும் இல்லை."

பிரதிப் புத்தகத்தை மறந்துவிட்டார். இருபது வருடச் சேவை.

இதில் வெட்கம் என்னவென்றால், அவர் சொன்னதை நான் பகல் முழுவதும் யோசித்தேன். நியாயம் போலவே இருந்தது.

ஒக். 24, வெள்ளி
பிரதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு துரையின் அறைக்குள் போனேன். துரைக்குத் தமிழ் தெரியாது. இலக்கம் தெரியும். 6.30ஐயும் கீழே கையெழுத்தையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

யார் மாற்றியது? நான். யார் சொல்லி? ஒருவரும் இல்லை. ஏன்? பஸ்ஸின் நேரத்தைச் சொன்னேன்.

ஏழு என்று தான் போட்டது ஏன் என்று எனக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். தனக்கும் இப்போது ஞாபகம் இல்லை, ஆனாலும் போட்டது தான், மாற்றுவதும் தான் என்றார்.

வெளியே வரும்போது ஓவசியர் வாசலில். வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார். கடந்து போனேன். மனம் லேசாயிற்று என்று எழுத ஆசை. ஆகவில்லை.

ஒக். 27, திங்கள்
அடைமழை. உத்தரவு வந்தது. நானே தமிழாக்கினேன்.

சாமித்தம்பியைத் திரும்ப எடுப்பது.
ஓவசியருக்கு: இனிமேல் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைக்கவும். வேறு ஒன்றும் இல்லை.
எனக்கு: பனிச்சங்கேணிக்கு அங்கால் காட்டுக்குள் கல் உடைக்கும் முகாம். அடுத்த திங்கள் முதல். உடைத்த கல் எண்ணி எழுதுவது.
பாதை: அதிகாரம் பெறாத நேரம் செல்லாது. காலை ஏழு மணி.

கடைசி வரியை மூன்று தரம் வாசித்தேன். பிறகு ஏழு தாளிலும் ஏழு என்று எழுதினேன். அழகாகவே வந்தது.

மனைவி பெட்டி அடுக்குகிறாள். சீனிப் போத்தலைத் துணிக்குள் சுற்றி வைத்தாள், எறும்புக்கு என்று. முதலில் நான் மட்டும் போவதென்று தீர்மானம்.

நவம்பர் 3, திங்கள்
மழை விட்டுவிட்டு. பெட்டி, பாய், குடை. 6.15க்குக் கரை. முக்கால் மணி நேரம் நின்றோம். பழையபடி முப்பது பேர். நான் சொன்னதால்தான் நேரம் திரும்ப ஏழாயிற்று என்று பேச்சு. அது பொய்யும் இல்லை. ஒருவரும் எனக்கு இடம் விடவில்லை. காக்கா மட்டும் குடையைக் கொஞ்சம் என் பக்கம் சரித்தார்.

சாமித்தம்பி பெட்டியைத் தூக்கிப் பலகையில் வைத்தான். வெற்றிலை இருந்தது. நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அதற்கு என்ன பதில் சொல்வதென்று பஸ்ஸிலேயே யோசித்தும் வைத்திருந்தேன்.

நடு வாவியில், கோலை ஊன்றிக்கொண்டே, என்னைப் பாராமல்:

"ஆறரை நல்ல நேரம்தான் ஐயா. நீங்க மாத்தினது பிழையில்ல. நீங்களா மாத்தினீங்க எண்டு என்னட்ட மட்டும் சொல்லியிருக்கலாம். ஓவசியர் வந்து கேக்கக்குள்ள, நானும் ஒரு பொய்யை ஆயத்தமா வச்சிருப்பன்."

எனக்கு அப்படி ஒன்று தோன்றவே இல்லை. அவனிடம் சொல்லலாம், அவனோடு சேர்ந்து யோசிக்கலாம் என்று ஒரு நிமிடமும் தோன்றவில்லை. முள்ளைப் பற்றி மட்டும் பத்துத் தரம் சொன்னேன்.

அக்கரை 7.20. பஸ் போய்விட்டது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவன் பாதையைத் திருப்பினான். மற்றவர்கள் நடந்தார்கள். இந்தப் பெட்டியோடு நடக்க ஏலாது. பெட்டி மேலேயே இருந்தேன். குடை ஒழுகிற்று.

ஒன்பது மணி பஸ் ஒன்பது நாற்பதுக்கு வந்தது.