வார்டு டிவியில் உன் முகம்

செய்தி வாசிக்கும் தம்பிக்கு,

உங்கள் சேனல் முதலாளியின் ஆலையில் வாயு கசிந்த செய்தியை நீ வாசித்தபோது, நானும் அப்பாவும் ஆஸ்பத்திரி வார்டில் பார்த்துக்கொண்டிருந்தோம். "யாருக்கும் பாதிப்பில்லை" என்று சிரித்த முகமாகச் சொன்னாய். வார்டே இருமியது.

அந்த ஆலைக்குப் பின்தெருவில்தான் நம் வீடு என்பது உனக்குத் தெரியாததா? எழுதிக் கொடுத்ததைத்தான் வாசித்தேன் என்று மழுப்பாதே. கோட்டு, கார், போகிற இடமெல்லாம் செல்ஃபி. நன்றாக அனுபவி.

உன்னைப் பற்றி நான் பீற்றிக்கொண்டதைக் கேட்டிருந்த நர்ஸ் ஆசையாக ஓடிவந்தாள். "ஐயா, டிவியில வர்றது உங்க பையன்தானே?"

அப்பா ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார்.

"இல்லம்மா. அது அந்த முதலாளி வீட்டுப் பையன்."

இனி போன் செய்யாதே.

இப்படிக்கு,
அப்பாவின் ஒரே பிள்ளை