வாத்தியாரின் மனைவி என்ன சொன்னாள்

5 ஆகஸ்ட் 2024, திங்கள்

நாவலின் கடைசி அத்தியாயத்தை டயாலிசிஸ் அறையில் இவர்களுக்கு வாசிக்கலாமா? தெரியவில்லை. நாள் முழுக்க யோசித்தும் தெரியவில்லை.

தம்பி கிரிதரனுக்கு வாரத்தில் மூன்று நாள் சிரம்பானில் டயாலிசிஸ். வீடு லாபுவில்; அங்கிருந்து வேனில் போய் வருகிறோம். நான்கு மணி நேரம் இடது கையை அசைக்கக்கூடாது. தடித்த புத்தகத்தை ஒற்றைக் கையால் பிடிக்க முடியாது. அதனால் நான் வாசிக்கிறேன். ஜூனில் என் அலமாரியிலிருந்து அவனே எடுத்த நாவல். எண்பது வருஷப் பழசு. பல்கலைக்கழகத்தில் நான் ஆய்வேடு எழுதியது இதைப் பற்றித்தான்.

அவனுக்கு மட்டும் கேட்கும்படிதான் தொடங்கினேன். இரண்டாம் நாளே பக்கத்து நாற்காலி மயிலம்மாள், "சத்தமா படிங்க டீச்சரம்மா, பாதிதான் கேக்குது" என்றார். நான் டீச்சர் இல்லை, மொழிபெயர்ப்பாளர் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். பயனில்லை.

கதையில் ஆற்றங்கரை ஊரின் வாத்தியார் ஒருவர். தீராத நோய். மாதாமாதம் படகில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். கடைசியில் ஒரு நாள் படித்துறையிலேயே உட்கார்ந்துகொண்டு படகைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். அதுதான் முடிவு.

இன்னும் மூன்று அத்தியாயம்.

7 ஆகஸ்ட், புதன்

மயிலம்மாளுக்கு வாத்தியாரைக் கண்டாலே ஆகவில்லை. முப்பது வருஷம் ரப்பர் மரம் சீவியவர். எதையும் முகத்துக்கு நேரே சொல்வார்.

"என்னா மனுசன்லா இவரு? ஆத்தப் பாக்குறாரு, வானத்தப் பாக்குறாரு. சோறாக்கிப் போடுறவளப் பாக்குறாரா?"

மூன்றாம் நாற்காலி அர்ச்சுனன், முன்பு லோரி ஓட்டியவர். "விடுக்கா, நல்ல மனுசன். என் பொஞ்சாதிய ஒரு வாரம் அவரு வீட்டுக்கு அனுப்புறேன். ஆஸ்பத்திரிக்கு அவரே நீந்திப் போயிருவாரு."

மெஷினைப் பார்க்க வந்த தாதியும் சிரித்தாள். கிரி சிரிக்கவில்லை.

"அந்தாள் ஒருத்தருக்கும் பாரமா இருக்க விரும்பேல்லை. அவ்வளவுதான்" என்றான்.

"பாரம்னு அவ சொன்னாளா?" என்றார் மயிலம்மாள்.

வீட்டுக்கு வந்ததும் புரட்டிப் பார்த்தேன். வாத்தியாரின் மனைவிக்கு நாவல் முழுக்க ஐந்து பக்கம். என் ஆய்வேட்டில் ஓர் அடிக்குறிப்பு.

9 ஆகஸ்ட், வெள்ளி

கிரிக்கு ரத்த அழுத்தம் இறங்கி இரண்டு முறை மெஷினை நிறுத்தினார்கள். அரை அத்தியாயம்தான் வாசித்தேன். வீட்டில் தண்ணீர் கேட்டான். சிறுநீரகம் வேலை செய்யாதவனுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான், மிஞ்சினால் உடம்பில் தேங்கும்; போத்தலில் நான் போட்ட கோட்டை ஏற்கெனவே தாண்டியிருந்தான். கொடுக்கவில்லை.

12 ஆகஸ்ட், திங்கள்

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கிரியின் இதயம் தளர்ந்துவிட்டது, மாற்றுச் சிறுநீரகத்துக்குத் தாங்காது. நிறுத்தினால் இரண்டு வாரம் தாங்கினால் அதிகம் என்று தெரிந்தும், டயாலிசிஸை நிறுத்துவது பற்றி அவன் மூன்று முறை விசாரித்திருக்கிறான். முடிவு அவனுடையதாம், வீட்டில் பேசச் சொன்னார்.

மூன்று முறை. என்னிடம் ஒரு முறைகூட இல்லை.

ஜூனில் அந்த நாவலை ஏன் எடுத்தான் என்று — இல்லை. எதற்கும் அர்த்தம் கற்பிக்கிறவள் இல்லை நான். கைக்கு எட்டிய தட்டில் இருந்தது, எடுத்தான்.

ஆய்வேடும் அதே தட்டில்தான் இருந்தது. இப்போது காணோம்.

14 ஆகஸ்ட், புதன்

ஏமாற்றிவிட்டேன்.

படித்துறை வரை ஒழுங்காக வாசித்தேன். வாத்தியார் படகைப் பார்க்கிறார். அந்த இடத்தில், "ஏறி உட்கார்ந்தார். படகு நகர்ந்தது" என்று நானாகச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

அர்ச்சுனன் ஒற்றைக் கையால் தொடையில் தட்டினார். மயிலம்மாள் புருவத்தைச் சுருக்கினார். "ஏறுனாரா? இந்த ஆளா? நம்புற மாதிரி இல்லையே, டீச்சரம்மா."

கிரி கண்ணை மூடியிருந்தான்.

15 ஆகஸ்ட், வியாழன்

காலையில் சாப்பாட்டு மேசையில் ஆய்வேடு கிடந்தது.

"பக்கம் எழுபத்தொண்டு" என்றான் கிரி. திறக்கத் தேவையில்லை. படகைத் திருப்பி அனுப்பியதுதான் அவர் தன் வாழ்வில் சொந்தமாகச் செய்த ஒரே செயல் என்று எழுதியிருக்கிறேன்.

"நம்பித்தானே எழுதினீங்கள், அக்கா?"

"அப்ப எனக்கு இருபத்து மூண்டு வயசு."

"வயசைக் கேக்கேல்லை."

மதிப்பெண்ணுக்காக எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். பொய். நம்பித்தான் எழுதினேன். முடிவை எதிர்த்துப் பேசிய சக மாணவர்களை, வாசிக்கத் தெரியாதவர்கள் என்றே நினைத்தேன். அன்று வாத்தியார் யாரோ ஒருவர்தானே, எனக்கென்ன?

"ஐயோ கிரி, அது கதையெல்லோடா!" — கத்திவிட்டேன். வெறும் கதைதானே என்று யாராவது சொன்னால் உள்ளுக்குள் சிரிக்கிறவள் நான்.

அவன்தான் சிரித்தான். "மயிலம்மாள் அக்கா நேற்றே பிடிச்சிட்டா. உங்களுக்குப் பொய் சரியா வரேல்லை."

நாளை பத்து மணிக்கு வேன். போர்வை, காலுறை, மருந்து அட்டை எல்லாவற்றையும் வழக்கம்போல் பையில் வைத்தேன். பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது?

16 ஆகஸ்ட், வெள்ளி

பத்து மணிக்கு வேன் வந்தது. ஓட்டுநர் ஹேமநாதன் இரண்டு முறை ஹார்ன் அடித்தான். கிரி சட்டை மாற்றியிருந்தான். பையைத் தொடவில்லை. புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"இதை மயிலம்மாள் அக்காவிட்டக் குடு தம்பி. கடைசி ரெண்டு பக்கம் மிச்சம் இருக்கு. தாதியை வாசிக்கச் சொல்லு."

"நீங்க ஏறலையாண்ணே?"

"இல்லை."

ஹேமநாதன் என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தான். பின்னால் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்து நின்று ஹார்ன் அடித்தது. வேன் போய்விட்டது.

மூன்று மணிக்கு மயிலம்மாளின் ஃபோன். "படிச்சுக் காட்டுனாங்க. அந்தாளு படியில உக்காந்துட்டாரு. சரி. அவரு பொண்டாட்டி அப்ப எங்க இருந்தா? என்னா சொன்னா? அத எழுதவே இல்லையேம்மா."

"எழுதேல்லை" என்றேன்.

அந்தப் பக்கம் மெஷின் ஒலி எழுப்பியது; தாதியைக் கூப்பிட்டார். பிறகு, "சாப்டீங்களா?" என்றார்.

மாலையில் கிரி தண்ணீர் கேட்டான். கோடு போட்ட போத்தலை எடுக்கப் போன கை நின்றது. பெரிய கிளாஸை எடுத்து விளிம்புவரை ஊற்றினேன். ஒரே மூச்சில் குடித்தான்.

"இன்னும் கொஞ்சம், அக்கா."

ஊற்றினேன்.