டாக்டரம்மாவின் காரும் என் வலது கையும்

ஆகஸ்ட் 3, திங்கள்

டாக்டரம்மாவின் கார் பட்டறைக்கு வந்தது. வந்தது என்ன, கயிறு கட்டி இழுத்துவந்து போட்டார்கள். வெளியூர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது ஷெட்டில் வைத்துப் பூட்டியவர், அப்படியே விட்டுவிட்டார். பத்தொன்பது வருடம். "ஆறு மாசத்துல வந்துடுவேன்னு நெனச்சேன் தம்பி" என்றார். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு இருக்கப் போகிறார். இந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போகவேண்டுமாம்.

டேங்க் மூடியைத் திறந்தேன். பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய பெயிண்ட் டப்பாவின் வாசனை. ஆறு சிலிண்டர், இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தூவும், கம்ப்யூட்டர் இல்லாத பழைய இன்ஜெக்ஷன். "இதைத் தொறக்க இந்த ஊர்ல என்னை விட்டா ஆள் கிடையாது" என்று அவரிடம் சொல்லிவைத்தேன். வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

காலையில் கை ஆடியது. டீ டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். என் மனைவி ஆஸ்பத்திரி லேபுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள், கவனிக்கவில்லை.

நரம்பு டாக்டர் நடுக்குவாதம் என்று சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. மாத்திரைகள் பட்டறை டிராயரில், வாஷர் டப்பாவுக்குப் பின்னால் இருக்கின்றன. கட்டினவளிடம் ஒளித்து மாத்திரை தின்கிற புருஷன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சொல்லிவிட்டால் என்ன செய்வாள்? பட்டறையை மூடச் சொல்வாள். பட்டறை இல்லாத நான் யார்? தெரியவில்லை.

ஆகஸ்ட் 7, வெள்ளி

டேங்க்கை முதலில் சுத்தம் செய்யாமல் இன்ஜெக்டரில் கை வைப்பவன் முட்டாள். துரு முழுவதும் பின்னாலேயே வந்து மறுபடியும் அடைக்கும். மூன்று நாள் டேங்க்கோடு மல்லுக்கட்டினேன். பம்ப், ஃபில்டர், குழாய் எல்லாம் கழற்றியாயிற்று. உள்ளே கோந்து மாதிரி கறுப்பாக ஒட்டிக்கிடக்கிறது.

ஆறு இன்ஜெக்டரையும் ஆறு கண்ணாடிக் குழாயில் மாட்டி அழுத்தம் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு மட்டும் ஒழுங்காகப் பனிபோலத் தூவின. மூன்று, சளி பிடித்த பிள்ளையின் மூக்கைப்போல ஒழுகின. ஒன்று வாயையே திறக்கவில்லை. கரைசலில் ஊறப்போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, திங்கள்

வாயைத் திறக்காததும் இன்று தூவியது. கையும் அடங்கியிருந்தது. பட்டறையில் தனியாகச் சிரித்தேன்.

ஆகஸ்ட் 12, புதன்

போச்சு. எல்லாம் போச்சு.

ஆறு சிலிண்டருக்கும் பெட்ரோலைப் பிரித்து அனுப்பும் இரும்புத் தலை ஒன்று இருக்கிறது. அதன் நடுத் துளையில் மேலும் கீழும் ஓடும், சுண்டுவிரல் அளவுக்கு ஒரு தண்டு, பிளஞ்சர். தலையைத் தூக்கும்போது அடியில் ஒரு விரலை வைத்துக்கொண்டுதான் தூக்கவேண்டும், இல்லையென்றால் வழுக்கி விழுந்துவிடும். அந்தத் துளைக்கென்றே தேய்த்துச் செய்தது. வேறொன்றைப் போட முடியாது. என்னிடம் வேலை பழகிய அத்தனை பேரிடமும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்: "விரலை வை, அப்புறம் தூக்கு."

நேற்றுவரை கோந்தில் இறுகிக் கிடந்தது. நான்தான் ஊறவைத்து விடுவித்தேன். இன்று விரலை வைத்தேன் — வைக்காமல் இல்லை — வைத்த விரல்தான் நிற்கவில்லை. சிமெண்ட் தரையில் விழுந்தபோது சின்னச் சத்தம்தான் கேட்டது. விளிம்பில் ஒரு நசுங்கல். நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கையை என்ன செய்யறது? வெட்டியா போட முடியும்?

ஆகஸ்ட் 13, வியாழன்

பட்டறையைத் திறக்கவில்லை. ஜுரம் என்று சொன்னேன். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

டாக்டரம்மா வந்தார். கூசாமல் பொய் சொன்னேன். "இத்தனை வருஷம் சும்மா கெடந்ததுல உள்ளேயே அரிச்சுப்போச்சும்மா. நான் தொறக்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சு" என்றேன். அவர் பானெட்டின் மேல் கையை வைத்தார். "அப்ப தப்பு என்னோடதுதான். நான்தானே அப்படியே போட்டுட்டுப் போனேன்" என்றார். அதற்கும் தலையை ஆட்டிவைத்தேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எத்தனை பேரை அந்தப் பழமொழி சொல்லி விரட்டியிருக்கிறேன்!

ஆகஸ்ட் 16, ஞாயிறு

முப்பத்தோரு வருடத் தொழிலில் வண்டியைக் கெடுத்ததும் இல்லை, கெடுத்ததை மறைத்ததும் இல்லை. ஒரே வாரத்தில் இரண்டும் நடந்துவிட்டது. விடிந்தால் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. எழுந்து எதைப் பிடிப்பது?

ஆகஸ்ட் 17, திங்கள்

சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தேன். அவள் வந்து போட்டுவிட்டாள், மேலிருந்து கீழ்வரை. பிறகு கேட்டாள்: "மாத்திரை நேரத்துக்குப் போடறீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"லேபுல தெனமும் அம்பது கையைப் பிடிச்சு ரத்தம் எடுக்கறவ நான். வீட்டுல ஒரு கை நடுங்கறது எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். ரெண்டு மாசமா பார்த்தேன்."

கோபமாகத்தான் சொன்னாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. பிளஞ்சரைப் பற்றியும் டாக்டரம்மாவிடம் சொன்ன பொய்யைப் பற்றியும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மனம் லேசாகும் என்பார்கள். ஆகவில்லை.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

இருவரும் டாக்டரம்மா வீட்டுக்குப் போனோம். பாதி சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. நின்றபடியே சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"கை நடுங்கறது வியாதி தம்பி. பொய் சொல்றது வியாதி இல்ல. நாலு நாளா என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன் தெரியுமா?"

உட்காரச் சொல்லவில்லை. வாசல்வரை வந்து அவளிடம் மட்டும் தலையசைத்தார்.

ஆகஸ்ட் 22, சனி

ஒரு மரப்பெட்டி வந்தது. டாக்டரம்மாவே தேடிப் பிடித்திருக்கிறார்: அதே மாடல், விபத்தில் நொறுங்கிய வண்டியின் இரும்புத் தலை, பிளஞ்சரோடு. போனில் என்னிடம் பேசவில்லை, அவளிடம்தான் பேசினார். "இதையாவது கீழ போடாம பார்த்துக்கச் சொல்லுங்க."

உள்ளே அதே கோந்து. மறுபடியும் முதலிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்யவேண்டும். பெட்டியை மூடி வைத்துவிட்டேன். என்னால் முடியாது.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

"நாலு வயசுப் புள்ளைங்க துள்ளத் துள்ள நரம்பைத் தேடி ஊசி போடறேன். இந்த இரும்புதானா பெரிசு?" என்று பெட்டியைத் திறந்தாள். லேப் கையுறையைப் போட்டுக்கொண்டாள். "நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்."

சொன்னேன். கத்தினேன் என்பதுதான் சரி. ஸ்க்ரூவைத் தப்பான பக்கம் திருகினாள், கத்தினேன். துடைத்த துணியில் நூல் பிரிந்தது, கத்தினேன். "இப்படித்தான் எல்லாரையும் விரட்டினீங்களா?" என்றாள். கடைசியில் தலையைத் தூக்கும் இடம் வந்தது. "விரலை வை" என்றேன். ஏற்கனவே வைத்திருந்தாள். பிளஞ்சர் மெல்ல வழுக்கி அவள் விரல்மேல் உட்கார்ந்தது. அசையவே இல்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பொறாமையாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. வெளியே போய் நின்றுகொண்டேன்.

ஆகஸ்ட் 29, சனி

இன்ஜின் பிடித்தது. முதலில் ஐந்து சிலிண்டர், கொஞ்சம் இருமிவிட்டு ஆறாவதும் சேர்ந்துகொண்டது. அவள் கைதட்டினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல சத்தம். என் கை வேலை இல்லை.

ஆகஸ்ட் 31, திங்கள்

டாக்டரம்மா ஓட்டிக்கொண்டு போனார். கண்ணாடியை இறக்கி, "மாத்திரையை நிறுத்திடாதீங்க தம்பி" என்றார். கார் திரும்பும்வரை நின்றோம். பட்டறை வெறிச்சென்று கிடக்கிறது. அடுத்த வண்டி எதுவும் இல்லை, வந்தாலும் என்ன?

செப்டம்பர் 9, புதன்

இன்று எழுதுவது நான், அவர் மனைவி. ஒரு வாரமாகத் தாளோடு போராடிவிட்டு, அவரே நோட்டை என்னிடம் தள்ளினார். நான் சொல்கிறேன், நீ எழுது, ஒரு எழுத்து மாற்றக்கூடாது என்று உத்தரவு. பழைய பக்கங்களைப் புரட்டக்கூடாதாம். புரட்டவில்லை.

இனி அவர் சொன்னது:

காலையில் ஒரு பழைய வண்டி வந்தது. டேங்க் முழுக்கத் துரு. அவளுக்கு லேபில் விடுமுறை, அவளே கழற்றினாள். இரண்டு முறைதான் கத்தினேன். (ஏழு முறை.) சாயங்காலம் கை மிகவும் மோசம். டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இது இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை.

பேனாவை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். "எழுது" என்றார். எழுதிவிட்டேன்.