இருபத்துநாலு கடலை

சாமல்பட்டி,
10-2-1958

கண்ணு முனிலட்சுமிக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அப்பா, செவலைப் பசு போட்ட கிடாரிக் கன்று வரைக்கும் எல்லோரும் சுகம். அந்தச் சீமைக் குளிரில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று உன் அடுத்த கடிதம் வந்து சொல்ல வேண்டும். முதலில் ஒரு சேதி, அதைக் கேட்டுக்கொண்டு மற்றதை நிதானமாகப் படி. உன்னைத் திரும்பி வரச் சொல்லித் தந்தி வராது. வரவே வராது. உன் அம்மா ஜெயித்துவிட்டாள்.

என்ன தந்தி என்று விழிக்காதே. சனிக்கிழமைதோறும் உங்கள் கல்லூரிக்காரர்கள் பெயர் எழுதிக்கொண்டு பஸ்ஸில் ஏற்றிக் கடற்கரை, கோட்டை, நூல் ஆலை என்று காட்டிவிட்டுப் பொழுது சாயக் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை உன் அப்பா பெருமை தாங்காமல் பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டிவிட்டார். அவர் விரல் மடக்கிப் பதினொரு வாரத்தில் எட்டு ஊர் என்று கண்டுபிடித்தார். தம்பி பெண்டாட்டியோடு நேரில் பேசுகிற வழக்கம் நம் வீட்டில் இல்லை, உனக்குத் தெரியும், நான் வாக்கப்பட்டு வந்த இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் தூணைப் பார்த்துத்தான் சொல்வார். அன்றைக்கும் தூணைப் பார்த்து, "கல்யாணமா, கருமாதியா, சாமி கும்பிடவா? ஒண்ணும் இல்லாம பொட்டப்புள்ள பஸ் ஏறிச் சுத்தறதுக்குப் பேரு படிப்பா? தந்தி அடிச்சு வரச் சொல்லு" என்றார். அண்ணன் பேச்சைத் தட்டாத உன் அப்பா மறுநாளே தந்திப் பாரம் வாங்கி வந்தார், எழுதவும் மனம் வராமல் கிழிக்கவும் தைரியம் வராமல் மூன்று நாள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். சும்மா இருப்பேனா? நீ கண் எரியப் படித்து வாங்கிய இடமல்லவா அது.

நானும் தூணைப் பார்த்தே பதில் சொன்னேன். நம் ஊர்ப் பெண்களை ஒருநாள் பஸ்ஸில் கூட்டிப்போய்க் கிருஷ்ணகிரியில் புதிதாகக் கட்டியிருக்கிற அணையைக் காட்டி, விளக்கு வைக்கும் முன்னால் கொண்டுவந்து சேர்க்கிறேன், ஒரு தலை குறைந்தாலும் நேரம் தப்பினாலும் தந்தி போகட்டும், இல்லையென்றால் என் பெண் படிப்பை முடிக்கிறவரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்றேன். பெரியப்பா சிரித்துக்கொண்டே சரி என்று தூணிடம் சொன்னார்.

ஆளுக்கு ஒரு வள்ளம் கடலை அளந்து போட்டு, அதை விற்ற காசில் பஸ் பேசினோம். நீ எழுதியிருந்தபடியே பெயரெல்லாம் எழுதினேன், என்னையும் சேர்த்து இருபத்துமூன்று பேர். நம் காட்டில் கடலை பறிக்க வருகிற மாரம்மாவும் பாப்பம்மாவும் உண்டு, பாப்பம்மா பக்கத்தில்தான் நான் உட்கார்ந்தேன், முகம் சுளித்தவர்கள் மத்தூர் வருவதற்குள் சரியாகிவிட்டார்கள். விரல் நீட்டி ஆளை எண்ணினால் கண் படும் என்று யாரும் எண்ண விடவில்லை. அதனால் ஏறும்போது ஆளுக்கொரு கடலை கொடுத்து, திரும்பி ஏறும்போது வாங்கி எண்ணிக்கொள்வது என்று ஏற்பாடு. பஸ் கிளம்பும்போது முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஒருத்தி ஓடி வந்து ஏறினாள், பார்த்தால் உன் பெரியம்மா! கடலைக் கொல்லைக்கு வேலைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தாளாம். அவள் கையிலும் ஒரு கடலையை வைத்தேன், இருபத்துநாலு. மத்தூர் டீக்கடைக்காரர் எந்த ஊர்க் கல்யாணம் என்று கேட்டார். "தண்ணியப் பாக்கப் போறோம்யா, அதுக்கும் முகூர்த்தம் பாக்கணுமா?" என்று மாரம்மா கேட்டாளே பார்க்க வேண்டும்.

முனிலட்சுமி, அத்தனை தண்ணீரை ஒரே இடத்தில் நான் கண்டதில்லை. குடத்துக்குக் குடம் கிணற்றடியில் சண்டை போடுகிற நாங்கள் கரையோரம் வரிசையாக நின்று பார்த்தோம். எங்களோடு வந்த மங்கம்மா அழுதேவிட்டாள். நீ சமுத்திரத்தைப் பார்த்து நின்றேன் என்று எழுதியது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

திரும்பும்போதுதான் வந்தது வினை. என் முந்தானையில் போடச் சொல்லி மொத்தமாக எண்ணினால் இருபத்துமூன்று கடலை, பதற்றத்தில் பெயர்ச் சீட்டைப் பார்க்கவே தோன்றவில்லை. என் உயிரே போய்விட்டது. தண்ணீர்க்கரையாயிற்றே. கரை நெடுக ஓடினோம், கூப்பிட்டோம், எல்லோரையும்விடப் பெரியம்மாதான் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அரை மணி நேரம் போன பிறகு பாப்பம்மா பெரியம்மாவின் மடியில் ஒட்டியிருந்த கடலைத் தோலைப் பார்த்துவிட்டாள். கடைசியில் ஏறியவளுக்கு ஏற்பாடு தெரியாது, தின்னக் கொடுத்தேன் என்று தின்றுவிட்டிருக்கிறாள்! அழுவதா சிரிப்பதா, பஸ்ஸைப் பறக்க விடச் சொன்னோம்.

நம் ஊர் வந்தபோது பெட்டிக்கடையில் லாந்தர்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், இன்னும் ஏற்றவில்லை. பெரியப்பா கண்ணாவது மண்ணாவது என்று விரல் நீட்டியே எண்ணினார். இருபத்துமூன்றோடு முடிந்தது என்று திரும்பியவர் எதிரில் இருபத்துநாலாவதாக அவர் வீட்டம்மாளே இறங்கினாள். "நீங்களும் ஒருக்கா போயி அந்தத் தண்ணியப் பாருங்க, கோவம் எறங்கும்" என்றாளே! உன் அப்பா பையிலிருந்த தந்திப் பாரத்தை எடுத்து, அண்ணன் கண்ணெதிரே நாலாகக் கிழித்தார். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

ஆகையால் ஒரு சனிக்கிழமையும் விடாதே. கம்பளிச் சட்டையை மறக்காதே, வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதே, ஏறிய பஸ்ஸின் அடையாளத்தை மனசில் வைத்துக்கொள், எண்ணிக்கைக்குக் கொடுக்கிற எதையும் தின்றுவிடாதே. படிப்பிலும் பாதையிலும் குலதெய்வம் உன் கூடவே வரட்டும், நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில் உன் பெரியப்பா வந்தார். தூணைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, "அடுத்தது எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

உன் அன்பு அம்மா,
சரோஜம்மாள்