சைக்கிளுக்குச் சேதமில்லை

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நேற்றைய மலைப் பயிற்சி முடிந்தது. சைக்கிள்களுக்குச் சேதமில்லை.

பாதி இறக்கத்தில் ஆலங்கட்டி கொட்டியது. ஹெல்மெட்டை யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் இருந்தது. உன் தம்பி, கூடவே காரில் வந்த கோச்சை ஒட்டிப் போய்க் கெஞ்சினான். "சார், விரல் விறைச்சுப்போச்சு, பிரேக் பிடிக்க முடியல. ஏத்திக்கோங்க சார்."

பயிற்சியில் காரில் ஏறியவன் பந்தயத்தில் ஓட்ட முடியாது என்பது கோச்சின் சட்டம். ஹீட்டர் போட்ட காருக்குள் உட்கார்ந்து இயற்றியது.

"கார்ல வர நீ என்ன மந்திரியா? மிதிடா!" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அடுத்த வளைவில் தம்பி தடுப்புச்சுவரில் முகம் மோதி விழுந்தான். தாடை உடைந்தது. ரோட்டில் கிடந்த அவன் பற்களை நான் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கோச் இறங்கி வந்து, சைக்கிளைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். "நல்லவேளை, ஒண்ணும் ஆகல" என்றார்.

என் சைக்கிளில் காற்றடிக்கும் பம்ப் இருந்தது, கழற்றிக் கையில் எடுத்தேன். அப்புறம் பொறுக்க வேண்டிய பற்கள் கூடிவிட்டன, கூடியவை கோச்சுடையவை.

இருவருக்கும் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நான் மன்னிப்புக் கேட்டால் தம்பியை அணியில் வைத்துக்கொள்வாராம். தாடையில் கம்பி கட்டியிருப்பதால் தம்பியால் பேச முடியவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கண்ணாலேயே கெஞ்சினான்.

கேட்டுவிட்டேன். "கட்டுப் பிரிச்சதும் வந்து மிதிக்கச் சொல்லு" என்று முன்பற்கள் போன வாயால் பெருந்தன்மையாகச் சொன்னார். தம்பி சந்தோஷத்தில் அழுதான்.

உடனே கிளம்பி வா. அவனை வீட்டுக்கு இழுத்துப்போக நாலு அடியாவது தேவைப்படும். நான் மாமன், மச்சான்மேல் கை வைக்க முடியாது, நீ அக்கா. முதுகில் கொடு. முகத்தில் இடமில்லை.

உன் வழி பார்த்திருக்கும்,
வீட்டுக்காரன்