உளறல் காட்சி

ஜூன் 3
அன்புள்ள வாயாடிக்கு,
கால் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. நான் எழுதிய காதல் நாடகத்தில் நாயகியாக நீ ஊர் ஊராகப் போகிறாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். கடைசிக் காட்சியில் நாயகன் உன் கையைப் பிடித்தால் கைதட்டல் அடங்கவே மாட்டேன் என்கிறதாம். ஒப்பனைக்கார அக்கா போனில் சொன்னார். அது அடங்கும்வரை நாயகன் உன் கையை விடுவதே இல்லையாமே? அந்தக் காட்சியை அடித்துவிட்டேன். பதிலுக்கு ஒரு சண்டை எழுதி அனுப்பியிருக்கிறேன். நடுவில் ஒரு மேசை போடச் சொல். பெரிய மேசை.
உன் கணவன்

ஜூன் 10
அன்புள்ள முன்கோபிக்கு,
வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?
மேசை போட்டாயிற்று. நாயகன், "உங்க வாய்க்குப் பூட்டே கிடையாதா?" என்கிறார். நான், "இருக்கு. சாவியைக் கொடுக்கத்தான் நம்பிக்கையான ஆள் கிடைக்கலை" என்கிறேன். அரங்கமே அதிர்கிறது. இப்படிச் சண்டை போடுகிறவர்கள் நிஜமாகவே புருஷன் பெண்டாட்டியாகத்தான் இருப்பார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். எல்லாம் உங்கள் கைங்கரியம்!
உங்கள் வாயாடி

ஜூன் 15
வாயாடிக்கு,
ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது. இனிமேல் கடைசிக் காட்சியில் உனக்கு ஒரு வசனமும் கிடையாது. முதுகைக் காட்டிக்கொண்டு நில். அவர் மட்டும் அசடு மாதிரி உளறட்டும். ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கட்டும்.
கணவன்

ஜூன் 22
அன்புள்ள உங்களுக்கு,
நேற்று அந்தக் காட்சியைப் போட்டோம். அவர் உளறினார். "நீங்க குடையை மறந்துட்டுப் போனீங்க. எடுத்துட்டுப் பின்னாடியே வந்தேன். கூப்பிட வாய் வரலை. தெருமுனை வரைக்கும் நனைஞ்சுக்கிட்டே நடந்தேன். குடை கையிலதான் இருந்துச்சு." முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சத்தமே இல்லை. நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

கல்யாணமான புதிதில் ஒருநாள் கையில் என் குடையோடு சொட்டச் சொட்ட வந்து நின்றீர்கள். என்ன ஆச்சு என்று கேட்டேன். "மழை" என்றீர்கள். அவ்வளவுதான். ஓர் அசடனை எழுத உட்கார்ந்து உங்களையே எழுதிவிட்டீர்கள். பதினோரு வருஷமாக என்னிடம் சொல்லாததை முந்நூறு பேர் முன்னால் இன்னொருவர் வாயால் சொல்ல வைத்தீர்கள். எனக்கும் பொறாமைதான், அந்த நாயகி மேல். அவளிடம் எவ்வளவு பேசுகிறீர்கள்!

நாடகத்துக்கு எனக்குப் பதில் வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை காலை வருகிறேன். கால் கட்டோடு எழுந்து வர வேண்டாம். இருந்த இடத்திலிருந்தே சொல்லுங்கள். உளறினாலும் பரவாயில்லை.
உங்கள் மனைவி