வயிறு தள்ளிய சுவர்

மார்ச் 3, ஞாயிறு
பழைய நகரத்துத் தெருக்களை வரையப் போகும் குழுவோடு இது ஆறாவது வாரம். இன்று தெரு முனையில் உட்கார்ந்து, பை தைக்கும் கடை இருக்கும் மாடி வீட்டை வரைந்தோம். கீழே கடை. மேலே கடைக்காரர், மனைவி, ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. முடித்ததும் வழக்கம்போல எல்லார் நோட்டையும் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். எல்லார் சுவரும் நட்டுக்குத்தாக நிற்கிறது. என்னுடையது மட்டும் நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது.

"கண்ணாடிக் கடையில வேலை பாக்கறவங்களுக்கே பவர் ஏறிடுச்சு போல!" குழுவை நடத்தும் பல் டாக்டர் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மார்ச் 5
நான் அப்படித்தானே பார்த்தேன்?

மார்ச் 10, ஞாயிறு
குழு இன்று வேறு தெருவில். நான் நழுவி அதே முனைக்குப் போனேன். வீட்டுச் சாவியை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். சுவர் நூலைத் தாண்டி வெளியே நிற்கிறது. டாக்டரை இழுத்துவந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"பழக்கதோஷம். கோணலா இருந்தாலும் என் கை தானா நேராக்கிடுது" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

பைக்கடைக்காரரிடம் சொன்னோம். "பத்து வருஷமா இப்படித்தாங்க்கா இருக்கு. நீங்க படம் போட்டுட்டுப் போயிடுவீங்க. முனிசிபாலிட்டில வந்து சீல் வச்சிட்டா நான் பொண்டாட்டி பிள்ளையோட எங்க போவேன்?"

மார்ச் 11
வீட்டில் இவர் சொல்கிறார்: "ஊர் வம்பை எதுக்கு விலைக்கு வாங்கற?" இன்று கடையில் ஒருவருக்கு வலது லென்ஸை இடதில் மாட்டிக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 13
டாக்டரும் நானும் நகராட்சியில் மனு கொடுத்தோம். என் கோணல் படத்தையும் இணைத்தேன். அதைப் பார்த்து அங்கிருந்த குமாஸ்தா கொட்டாவி விட்டார்.

மார்ச் 15
இன்ஜினியர் நேற்றே வந்து பார்த்தாராம். இன்று காலி செய்ய அரை மணி நேரம் கொடுத்து, சீல் வைத்துவிட்டார்கள். தையல் மெஷினைக்கூட எடுக்க விடவில்லையாம். பைக்கடைக்காரர் எங்கள் கடைக்கே வந்தார். "நல்லா இருங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மார்ச் 19
பஸ்ஸிலிருந்து அந்த வீட்டை எட்டிப் பார்த்தேன். விழவில்லை. ஏமாற்றமாக இருந்தது — சீ! ஏமாற்றமா? ஒருத்தர் வீடு விழணும்னு காத்துக்கிட்டிருக்கேனா? நான் சொன்னது சரின்னு ஆகறதுக்கா? என்னைப் பார்த்தே எனக்கு பயமாயிருக்கு.

மார்ச் 22
பின்பக்கச் சந்து வழியாகப் போனேன். மாடி ஜன்னல் கம்பியில் குட்டி கவுன் ஒன்று காய்கிறது. ஈரம் சொட்டுகிறது.

ஐயோ, திரும்பி வந்துட்டாங்க!

கத்திக் கூப்பிடவும் பயம், சத்தத்துக்கே விழுந்துடுமோன்னு. சீல் முன்பக்கம்தான்; திறந்திருந்த பின்கதவு வழியாக மாடிக்கு ஏறிப் போனேன்.

"நாத்தனார் வீட்ல நாலு நாளைக்கு மேல தாங்கலக்கா" என்றாள் பைக்கடைக்காரர் மனைவி.

"எங்க வீட்டுக்கு வாங்க." சொன்னபிறகுதான் இவரைக் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

பைக்கடைக்காரர் சிரித்தார். "நீங்க செஞ்ச வரைக்கும் போதும். கிளம்புங்க."

எங்கிருந்து அந்தப் பிடிவாதம் வந்ததோ, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "நீங்க வராம நான் எழுந்திருக்க மாட்டேன்." எவ்வளவு நேரமோ தெரியாது. காரை உதிர்ந்து தோளில் விழுந்தது. நான் அழுதுவிட்டேன். பயத்தில்தான், வேறு எதனாலும் இல்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பிறகு துணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

மார்ச் 23
அவர்கள் மூவரும் தங்க இடம் விட்டு, முன்னறையில் இருந்த தன் சைக்கிளை இவர் வெளியே எடுத்துவைத்தார். என்னோடு பேசுவதில்லை. குழந்தையோடு பேசுகிறார்.

மார்ச் 26
மதியம் மூன்று மணிக்கு விழுந்துவிட்டது. டாக்டர்தான் போன் செய்தார். எல்லாரும் நம் வீட்டில்தானே இருக்கிறார்கள் என்று தெரிந்தும் கடையிலிருந்து வீட்டுக்கு ஓடினேன்.

குழந்தை முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அம்மா. பைக்கடைக்காரரைக் காணோம்.

"மெஷினை எடுத்துட்டு வரேன்னு ரெண்டு மணிக்கே போனாருக்கா. ஏன், என்ன ஆச்சு?"

வாசலுக்கும் அறைக்கும் நடந்தேன். இவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். நான்தான் புகார் கொடுத்தேன், நான்தான் மெஷினை உள்ளே விட்டுப் பூட்டவைத்தேன், நான்தான் — இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து மணிவரை அப்படித்தான்.

இவரும் பைக்கடைக்காரரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பைக்கடைக்காரருக்குத் தலை முதல் கால் வரை புழுதி. மெஷின் இல்லை. வீடு விழுந்தபோது சந்து முனையில், கடைப் பூட்டை உடைக்க யாரிடமோ சுத்தியல் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

கை கால் கழுவவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. "பாப்பா எங்கக்கா?" என்றார்.

காட்டினேன். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, அது தூங்குவதையே பார்த்தார். "மூணு மணிக்கு அங்க ஜன்னல் ஓரமாத்தான் படுக்க வைப்போம்" என்றார், யாரிடமென்று இல்லாமல்.

விளக்கு வைக்கும் நேரம்வரை அங்கேயே நின்றிருந்தார்.